ஹூட்டர்ஸ் திவால்: ரெக்கையா, அரைக்கால் சட்டையா, கடனா?

கேள்வி, 2025 ஏப்ரல் 1

அமெரிக்க ஓட்டல் தொடர் ஹூட்டர்ஸ் நேற்று திவால் மனு போட்டுவிட்டது. அரைக்கால் சட்டைப் பெண்களைக் காட்டிக் கோழி விற்ற காலம் மலையேறிவிட்டது, அவ்வளவுதான் காரணம். இதில் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

2025 ஏப்ரல் 1, இரவு

இருக்கிறது. முதலில் தேதி. ஏப்ரல் 1 என்று பார்த்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கம்பெனி பதிவானதே 1983 ஏப்ரல் 1 அன்றுதான், முட்டாள்கள் தினம் என்று தெரிந்தே. ஆறு பேர். ஓட்டல் தொழிலில் ஒருவருக்கும் அனுபவம் கிடையாது. ஃப்ளோரிடா கிளியர்வாட்டரில் அவர்கள் பிடித்த இடத்தில் அதற்கு முன் வந்த வியாபாரம் எதுவும் நிலைத்ததில்லை. அதனால் வாசலில் அந்தக் கடைகளுக்கெல்லாம் சின்னதாக ஒரு கல்லறைத் தோட்டம் வைத்துவிட்டுத்தான் அக்டோபரில் திறந்தார்கள்.

எனக்கு இது ஊர்க்கதை. டாம்பாவில் 17 வருடமாக இருக்கிறேன், அந்த முதல் கடை வீட்டிலிருந்து அரைமணி நேரம். 2008இல் ஆபீஸ் மதியச் சாப்பாட்டுக்கு இழுத்துப் போனார்கள். மேசையில் நான் ஒருத்திதான் பெண். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை நடுவில் மரக்குச்சியில் செருகி வைத்திருந்த பேப்பர் டவல் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாப்கின் கிடையாது, உருளைதான். ஐந்தாவது கோழி ரெக்கையில் அதன் அருமை தெரிந்தது. பரிமாறிய பெண் நான் நெளிவதைப் பார்த்துவிட்டு, நேராக என் பக்கம் வந்து உட்கார்ந்து "உனக்குக் காரம் தாங்குமா?" என்றாள். விருதுநகர்க்காரியிடம் கேட்கிற கேள்வியா அது! அந்த முதல் கடையும் இப்போது போகப்போகிறது என்று நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான்.

2025 ஏப்ரல் 2

எண்களைப் பார்த்தேன். டெக்சாஸ், டாலஸ் திவால் நீதிமன்றத்தில் மனு. கடன் 37 கோடியே 60 லட்சம் டாலர். கம்பெனியே நடத்தும் கடைகள் 151, உரிமம் வாங்கி மற்றவர்கள் நடத்துவது 154.

கடை எண்ணிக்கையையும் கடனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தம் 305 கடை. தலைக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் விழுகிறது. கணக்கு பார்ப்பதுதான் என் பிழைப்பு, ஓட்டல்களின் புத்தகம்தான் அதிகம். ரெக்கை பொரிக்கிற கடைக்கு இந்தப் பாரம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. கால்சட்டையின் நீளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2025 ஏப்ரல் 2, கொஞ்ச நேரம் கழித்து

கேள்வி கேட்டவர் "ரெக்கை என்று எழுதாதீர்கள், சிறகு என்று எழுதுங்கள்" என்கிறார். சிறகு பறப்பதற்கு. இது தின்பதற்கு.

2025 ஏப்ரல் 4

என் முதல் குறிப்பில் ஒரு தப்பு, நல்ல தப்பு. கிளியர்வாட்டர் கடை போகவில்லை. அது திவாலான கம்பெனியினுடையதே இல்லை.

நடந்தது இது. ஆரம்பித்த ஆறு பேரும் டாம்பா வட்டாரம், சிகாகோ மாதிரி சில இடங்களைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் கடை போடும் உரிமையை 1984இல் வெளியாருக்கு விட்டார்கள். அது ராபர்ட் புரூக்ஸ் என்ற அட்லாண்டாக்காரர் கைக்குப் போனது. உலகம் முழுக்கப் பரப்பியது புரூக்ஸ்தான். ஆக, ஒரே ஆந்தை முத்திரை, ஒரே ஆரஞ்சுக் கால்சட்டை, இரண்டு வீடு. பெரிய வீடுதான் திவால். சின்ன வீடு (அந்த அர்த்தத்தில் இல்லை) நன்றாகவே ஓடுகிறது. இப்போது கம்பெனிக் கடைகளை எடுத்துக்கொள்ள வருவதும் அந்தப் பழைய ஆட்களின் ஹூட்டர்ஸ் இன்க், கூடவே ஹூட் அவுல் என்ற இன்னொரு உரிமக்காரர். அமெரிக்காவில் அதிகம் விற்கும் 30 ஹூட்டர்ஸ் கடைகளில் 14 இந்த இருவரிடம்தான் இருக்கிறதாம்.

கேள்வி கேட்டவரே, இதற்குப் பதில் சொல்லுங்கள். சட்டை ஒன்று, ரெக்கை ஒன்று, ஊர் உலகத்தின் மனமாற்றமும் இருவருக்கும் ஒன்று. பிறகு ஏன் ஒருவருக்கு மட்டும் கடை நிரம்புகிறது?

2025 ஏப்ரல் 5

பதில் வந்திருக்கிறது: "ஃப்ளோரிடாக்காரர்களுக்கு ரசனை மாறவில்லை." சிகாகோவுக்கு என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. 2005இல் டெக்சாஸில் தொடங்கிய ட்வின் பீக்ஸ் என்ற ஓட்டல் தொடர் இதே வித்தையை இன்னும் குறைந்த துணியில் செய்கிறது. இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில்தான் அது நூறு கடையைத் தாண்டியது. எனக்கு அந்த வித்தை பிடிக்காது, அது வேறு விஷயம். எனக்குப் பிடிக்காததால் ஒரு வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. கணக்கு ஒத்துவரவில்லை.

2025 ஏப்ரல் 9

கடன் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்.

ஒத்தி தெரியும் இல்லையா? வீட்டை ஒருவரிடம் கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்குவோம். பணம் திரும்பும்வரை அவர் அந்த வீட்டில் இருப்பார், அல்லது வாடகைக்கு விட்டு எடுத்துக்கொள்வார். வீடு நம் பெயரில், பலன் அவருக்கு. ஹூட்டர்ஸ் ஒத்திக்கு வைத்தது கடையின் பெயரை. உரிமக் கடைகளிலிருந்து வரும் ராயல்டி, ஆந்தை முத்திரை எல்லாவற்றையும் தனியாக ஒரு கம்பெனிக்கு மாற்றி, அந்த வருமானத்தைக் காட்டிக் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டினார்கள். 2021இல் சுமார் 30 கோடி டாலர். அப்போது கம்பெனி நார்ட் பே, ட்ரைஆர்டிசன் என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கையில், 2019இல் வாங்கியிருந்தார்கள்.

இதே ட்ரைஆர்டிசன் கையில் இருந்த டிஜிஐ ஃப்ரைடேஸ் என்ற ஓட்டல் தொடர் 2024 நவம்பரில் திவால். அங்கேயும் இதே மாதிரி ராயல்டி ஒத்தி. திவாலுக்கு முன்பே ராயல்டி நிர்வாகத்தைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

2025 ஏப்ரல் 9, இரவு

அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். விருதுநகரில் 31 வருடம் மெஸ் நடத்தியவர். "தாயி, ஒத்தியில வட்டி கிடையாதே. வீட்டுல இருக்கறதுதான வட்டி? உங்க ஊர்க்காரன் வட்டியும் கட்டி வீட்டையும் குடுத்திருக்கான்னா அது ஒத்தி இல்ல" என்றார்.

சரிதான். திருத்திக்கொள்கிறேன். வருமானம் முதலில் பத்திரம் வாங்கியவர்களின் வட்டிக்குப் போகும், மிச்சம்தான் கம்பெனிக்கு. வியாபாரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த மிச்சத்தையும் நிறுத்திக் கடனுக்கே எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். கடைக்குப் புது அடுப்பு, புது நாற்காலி எதற்கும் காசு வராது. நாற்காலி கிழிந்தால் வாடிக்கையாளர் குறைவார், குறைந்தால் இன்னும் இறுக்குவார்கள். இதற்குத் தமிழில் ஒரே சொல் இருந்தால் சொல்லுங்கள். கந்துவட்டி இல்லை, அது வேறு கொடுமை.

2025 ஏப்ரல் 13

என் வாதத்தில் எனக்கே ஒரு ஓட்டை தெரிகிறது. இந்த மாதிரிக் கடனை டோனட் விற்கும் டங்கின் 2006இலேயே வாங்கியது, பீட்சா விற்கும் டாமினோஸ் 2007இல். விங்ஸ்டாப்பும் 2018இல் வாங்கியது, அதுவும் ரெக்கைக் கடைதான். அவர்கள் யாரும் மூழ்கவில்லை. அப்படியானால் கத்தியைக் குறை சொல்வதா, வெட்டியவனையா?

யோசித்ததில் இப்படித் தோன்றுகிறது. விங்ஸ்டாப்பில் கிட்டத்தட்ட எல்லாக் கடையும் உரிமக் கடை. வாடகை, சம்பளம், ரெக்கை விலை எல்லாம் உரிமம் வாங்கியவர் தலையில். கம்பெனிக்கு விற்பனையில் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வருமானத்தை அடகு வைக்கலாம். ஹூட்டர்ஸில் பாதிக் கடை கம்பெனியுடையது. ரெக்கை விலை ஏறினால் நேராகக் கம்பெனியின் வயிற்றில் அடி. அந்த மாதிரிக் கடைக்கு இந்த மாதிரிக் கடன் பொருந்தாது. அதுவும் ஹூட்டர்ஸ் பெரிய கூடம், பெரிய வாடகை, உட்கார்ந்து சாப்பிடுகிற கடை. விங்ஸ்டாப் ஒரு சந்துக்கடை மாதிரி. டப்பாவில் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் 2020க்குப் பிறகு பல மடங்கு ஆகிவிட்டது. டப்பாவில் போகிற ரெக்கைக்கு ஆரஞ்சுக் கால்சட்டை தேவையில்லை. கேள்வி கேட்டவரே, உங்களுக்குக் கால் மதிப்பெண்.

2025 ஏப்ரல் 14

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. இன்று கோழி பற்றி எழுத மாட்டேன், வீட்டில் மாங்காய்ப் பச்சடி.

2025 ஏப்ரல் 20

ரெக்கை விலைதான் காரணம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். பாதி சரி.

ஒரு காலத்தில் ரெக்கை சூப்புக்கும் நாய்க்கும் போன சாமான். 1964இல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் ஆங்கர் பார் நடத்திய டெரெசா பெல்லிசிமோ அதை மாவு இல்லாமல் பொரித்து, வெண்ணெயும் மிளகாய் சாஸும் கலந்து புரட்டிக் கொடுத்ததில் ஆரம்பித்தது கதை. (ஹூட்டர்ஸ் முறை வேறு, மாவு போட்டுப் பொரிப்பார்கள். மாவு இல்லாமல் வேண்டுமானால் 'நேக்கட்' என்று கேட்க வேண்டும். அந்தக் கடையில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது.) மலிவான சாமானைக் காரம் போட்டு பீருடன் விற்பதுதான் இந்தக் கடைகள் எல்லாவற்றின் சூத்திரம். சாமான் மலிவாக இருக்கும்வரை பிரமாதம். 2021இல் மொத்த விலை பவுண்டு 3 டாலரைத் தாண்டியது. நெஞ்சுக்கறியைவிட எலும்பு விலை அதிகம்!

ஆனால் அடுத்த வருடமே விலை சரசரவென்று இறங்கியது. அப்படியும் 2024 ஜூனில் ஹூட்டர்ஸ் பல ஊர்களில் ஒரே நேரத்தில் கடைகளைச் சாத்தியது. விலை குறைந்த பிறகும் மூச்சு வாங்கினால் நோய் வேறு எங்கோ.

2025 ஏப்ரல் 21

அப்பா 2019இல் இங்கே வந்திருந்தபோது நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமை பெறாது.

ஒரு ரெக்கைக் கடைக்குக் கூட்டிப்போனோம். பெயர் வேண்டாம், ஹூட்டர்ஸ் இல்லை. என் கணவர் ஆர்வத்தில் 50 துண்டுத் தட்டு சொல்லிவிட்டார். தட்டு வந்ததும் அப்பா சாப்பிடவில்லை, எண்ணினார். "ஒரு ரெக்கைய ரெண்டா வெட்டுறான். கோழிக்கு ரெண்டு ரெக்கை, நாலு துண்டு. அம்பது துண்டுக்குப் பன்னெண்டு கோழி, பதிமூணாவது கோழியில ஒத்த ரெக்கை. ஏம்மா, நாம நாலு பேரு. மிச்சக் கோழியெல்லாம் எங்க?"

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெக்கைத் தொழிலின் மொத்தச் சிக்கலும் அந்தக் கேள்விதான். ஊரில் கறிக்கடையில் கோழியை முழுதாக நிறுத்துப் போடுவார்கள், ரெக்கை குழம்போடு போய்விடும். ரெக்கை மட்டும் வேண்டும் என்று நாடே கேட்டால், ரெக்கைக்காக யாரும் கோழி வளர்க்க முடியாது. நெஞ்சுக்கறி எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு கோழி, அவ்வளவுக்குத்தான் ரெக்கை. தேவை ஏறினால் விலை மட்டும் ஏறும், வரத்து ஏறாது.

பிறகு ஒரு துண்டைக் கடித்தார். மென்றார். வைத்துவிட்டார். "மூணாம் நாள் எண்ணெய்" என்றார். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓரம் கறுத்திருக்கு, உள்ள வேகல. எண்ணெய் செத்துப்போச்சுன்னா மேல சீக்கிரம் கறுக்கும், சூடு உள்ள ஏறாது. கல்லா கஷ்டத்துல இருக்கான். மொதல்ல எண்ணெயிலதான் கை வைப்பாங்க."

அடுத்த வருடம் அந்தக் கடை இல்லை. நான் புத்தகங்களில் எண்ணெய்ச் செலவைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். விற்பனை அப்படியே இருக்க, எண்ணெய்ச் செலவு மட்டும் இறங்கினால் பென்சிலால் ஒரு சுழி போடுவேன்.

2025 ஏப்ரல் 22

"மிச்சக் கோழி எங்கே?" என்பதற்கு உண்மையான பதில் கேட்டிருக்கிறீர்கள். நெஞ்சுக்கறி இங்கேயே தீர்ந்துவிடும். தொடைக்கறி பெருமளவு கப்பலேறும். அதை இந்தியாவில் இறக்கத்தான் அமெரிக்கா பல வருடம் வழக்காடியது. பறவைக் காய்ச்சலைச் சொல்லி இந்தியா தடுத்து வைத்திருந்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2015இல் இந்தியாவுக்கு எதிராக வந்தது. அமெரிக்கக்காரனுக்கு வேண்டாத கால் மலிவு விலையில் வந்து இறங்கினால் பல்லடம் பண்ணைக்காரர் என்ன ஆவார்? நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது.

எங்கே ஆரம்பித்து எங்கே வந்துவிட்டேன். மன்னிக்கவும். இல்லை, மன்னிக்க வேண்டாம், இது நல்ல விஷயம்.

2025 மே 3

எலும்பில்லா ரெக்கை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது ரெக்கையே இல்லை, நெஞ்சுக்கறித் துண்டு. ஒஹாயோவில் ஒருவர் அதைச் சாப்பிட்டுத் தொண்டையில் எலும்பு சிக்கி வழக்குப் போட்டார். 2024 ஜூலையில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: 'எலும்பில்லா' என்பது சமைக்கும் முறையின் பெயர், எலும்பு இருக்காது என்ற உத்தரவாதம் அல்ல. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப சைவ மெஸ்ஸுன்னு போர்டு வச்சுட்டு மட்டன் போடலாமா?" என்று கேட்டார்.

2025 மே 11

ஹூட்டர்ஸின் நல்ல காலத்துக் கூத்துகளையும் பதிவு செய்யலாம். புரூக்ஸ் 2003இல் ஹூட்டர்ஸ் ஏர் என்று விமானமே விட்டார். முறையான பணிப்பெண்களோடு, ஆரஞ்சுக் கால்சட்டையில் இரண்டு பேர் கூடுதலாக வருவார்கள். 2006இல் நின்றுவிட்டது. அதே வருடம் அவரும் இறந்தார்.

2001இல் பனாமா சிட்டி பீச் கடையில் பீர் அதிகம் விற்கும் பெண்ணுக்கு ஒரு டொயோட்டா என்று அறிவித்தார்கள். ஜெயித்த பெண்ணின் கண்ணைக் கட்டி வாகன நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், கையில் 'ஸ்டார் வார்ஸ்' படத்து யோடா பொம்மையைக் கொடுத்தார்கள். 'டாய் யோடா'வாம். அவள் வேலையை விட்டாள், வழக்குப் போட்டாள், அடுத்த வருடம் சமாதானம் பேசிப் பணம் கொடுத்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு 2008இல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் நினைவுக்கு வந்தாள். அந்தச் சிரிப்பும் அன்பும் அவளுடைய வேலை. அதற்கு மேல் இந்த மாதிரி விளையாட்டுக்கும் அவள்தான் ஆளாக வேண்டும். கடன், எண்ணெய் என்று கணக்கிலேயே ஒரு மாதம் எழுதிவிட்டேன், அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கேள்வி கேட்டவர் பெண்களைக் 'காட்டி' என்று எழுதியதை நானும் கண்டுகொள்ளாமல் கடந்துவிட்டேன்.

2025 ஜூன் 5

நேற்று முன்னறிவிப்பு இல்லாமல் 30க்கும் மேற்பட்ட கடைகளைச் சாத்திவிட்டார்கள். கம்பெனிக் கடைகள். வேலைக்கு வந்தவர்கள் கதவில் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். இன்று இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

2025 நவம்பர் 3

நீண்ட இடைவெளி. கணக்கு முடிக்கும் காலம், அப்புறம் அப்பாவுக்குக் கண் அறுவை, ஊருக்குப் போய் வந்தேன்.

அக்டோபர் முடிவில் ஹூட்டர்ஸ் திவாலிலிருந்து வெளியே வந்துவிட்டது. பழைய ஆட்கள் கைக்கே வந்திருக்கிறது. பிகினி இரவுகள் நிறுத்தம். 2021இல் பணிப்பெண்களே சண்டை போட்ட அந்தச் சின்னக் கால்சட்டை போய், பழைய ஆரஞ்சுக் கால்சட்டை திரும்புகிறது. குடும்பத்தோடு வரலாம் என்கிறார்கள். கேள்வி கேட்டவர் உடனே வந்து "பார்த்தீர்களா, துணியைத்தானே முதலில் மாற்றுகிறார்கள், நான் சொன்னதுதான்" என்கிறார். துணியைக் கூட்டுகிறார்கள் ஐயா. முழுதாக மூடினார்கள் என்றால் நீங்கள் சொன்னது சரி. சரி போகட்டும், கால் மதிப்பெண்ணை அரையாக்குகிறேன்.

2025 நவம்பர் 9

நேற்று கிளியர்வாட்டர் கடைக்குப் போனோம். மர உருளைக் கட்டை அதே மாதிரி. சுருள் உருளைக்கிழங்கு சூடாக இருந்தது. மேசையில் இருந்தபடியே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு ரெக்கையை கேமரா பக்கம் பிடித்தேன். புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஓரம் பொன்னிறமா இருக்கு. நேத்து மாத்துன எண்ணெய். சாப்பிடு" என்றார்.